வேகமாக வருடவா, நிதானமாக வருடவா?

பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் செய்முறையில் தண்டைப் பிளேடால் சீவிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் சீவல்கள் நிறைய மிதந்தாலும், அவற்றில் மிக மெல்லியதைத்தான் தூரிகையால் தொட்டெடுத்து ஸ்லைடில் வைக்கச் சொல்வார் ஆசிரியர். தடித்த சீவலை வைத்தால், திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் கலங்கலாகவே இருக்கும். ஒரு செல்சுவர் தெளிவாகத் தெரியத் தொடங்கும்போது அதன்மேல் வேறு ஏதோ மங்கல் படர்ந்து நிற்கும். லென்ஸ் அதேதான், விளக்கும் அதேதான். சீவல் கொஞ்சம் தடித்துவிட்டால் மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தளத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். ஆனால் மற்றத் தளங்களிலிருந்து வரும் ஒளியை அது தடுத்து நிறுத்துவதில்லை. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் குவியம் தவறிய மங்கலாக வந்து, நாம் பார்க்க விரும்பும் தளத்தின்மீது படிந்துவிடுகின்றன. சீவல் மெல்லியதாக இருந்தால் மேலும் கீழும் எதுவும் இல்லை. மங்கலுக்கு இடமும் இல்லை. தாவரத் தண்டைச் சீவிவிடலாம். உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் கருவை எப்படிச் சீவுவது?

உடனொளிர்வு நுண்ணோக்கியில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகிறது. சில மூலக்கூறுகள் நீல ஒளியை வாங்கிக்கொண்டு, சில நானோ வினாடிகளில் பச்சை ஒளியைத் திருப்பித் தரும். இதுதான் உடனொளிர்வு. செல்லுக்குள் நமக்கு வேண்டிய புரதத்தோடு இப்படிப்பட்ட ஒரு மூலக்கூறை இணைத்துவிட்டால், அந்தப் புரதம் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று பார்க்கலாம். ஜெல்லிமீனில் கிடைத்த பச்சை ஒளிர்வுப் புரதத்தைக் கண்டறிந்து வளர்த்தெடுத்தவர்களுக்கு 2008-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, இன்றைய உயிரியல் இதைப் பெரிதும் நம்பியிருப்பதால்தான். ஆனால் நீல ஒளி மாதிரியின் முழுத் தடிமனையும் ஊடுருவிப் போகிறது. வழியில் இருக்கும் சாயம் அனைத்தும் ஒளிர்கிறது. அத்தனையும் சேர்ந்து படத்தைக் கெடுக்கிறது.

இதற்கு ஒரு வழியை 1955-இல் ஹார்வர்டில் இருந்த மார்வின் மின்ஸ்கி கண்டுபிடித்தார். பிற்காலத்தில் செயற்கை நுண்ணறிவின் முன்னோடியாகப் பெயர் பெற்ற அதே மின்ஸ்கிதான். மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதைப் பார்க்க அவர் ஆசைப்பட்டார். மூளைத் திசுவில் செல்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால், எல்லாவற்றுக்கும் சாயமேற்றினால் எதுவுமே தெரியாது. அவர் யோசித்த வழி எளிமையானது. மாதிரி முழுவதையும் வெளிச்சமாக்காமல், ஒளியை ஒரே ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து திரும்பி வரும் ஒளி மீண்டும் எங்கே குவிகிறதோ, அங்கே ஓர் ஊசித்துளையை வைக்க வேண்டும். அந்தப் புள்ளியின் ஒளி துளைக்குள் சரியாக நுழைந்துவிடும். அதற்கு மேலோ கீழோ இருந்து வரும் ஒளி துளையை அடையும்போது பரந்து கிடக்கும். அதில் பெரும்பகுதி துளையைச் சுற்றியுள்ள தகட்டில் முட்டி நின்றுபோகும். வெளிச்சம் விழும் புள்ளிக்கும் துளை பார்க்கும் புள்ளிக்கும் ஒரே குவியம் என்பதால் இதைப் பொதுக்குவிய நுண்ணோக்கி எனலாம். நம் ஆய்வகங்களில் எல்லோரும் சொல்வது கன்ஃபோகல் என்றுதான்.

ஊசித்துளை உண்மையிலேயே மங்கலை வடிகட்டுகிறது என்பது எப்படித் தெரியும்? இதை எந்த ஆய்வகத்திலும் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடியின் மேல் ஒளிரும் சாயத்தை ஒரே சீரான மெல்லிய படலமாகப் பூசி, சாதாரண நுண்ணோக்கியில் வைத்து மேலும் கீழும் நகர்த்துங்கள். படலம் குவியத்தில் இருந்தாலும் விலகினாலும் பார்வைப் புலத்தின் பிரகாசம் ஏறக்குறைய மாறாது. படலம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அந்த நுண்ணோக்கியால் சொல்லவே முடியாது என்பதுதான் இதன் பொருள். அதையே கன்ஃபோகலில் செய்தால், படலம் குவியத்தைக் கடக்கும்போது மட்டும் பிரகாசம் உச்சத்துக்கு ஏறி, இரு பக்கமும் சரிந்துவிடும். அந்தச் சரிவின் அகலம்தான் இந்தக் கருவியால் எடுக்கக்கூடிய ஒளிச் சீவலின் தடிமன். நல்ல எண்ணெய் லென்ஸில் அது ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. எந்தப் பிளேடாலும் உயிருள்ள செல்லை இப்படிச் சீவ முடியாது.

ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான் தெரியும். முழுப் படம் வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாக, வரி வரியாக மாதிரி முழுவதையும் வருடியாக வேண்டும். கன்ஃபோகலின் அதற்குப் பிந்தைய வரலாறு பெரும்பாலும் அந்தப் புள்ளியை எப்படி நகர்த்துவது என்பதைப் பற்றியதுதான். இன்று ஓர் ஆய்வகம் கோடிக்கணக்கில் செலவழித்துக் கன்ஃபோகல் வாங்கும்போதும் முதலில் தீர்மானிக்க வேண்டியது அதையே.

மின்ஸ்கி ஒளியை அசைக்காமல் மாதிரியையே அசைத்தார். ஒரு படம் வர ஏறக்குறைய பத்து வினாடி ஆனது. அதை ராணுவம் கழித்துப்போட்ட ரேடார் திரையில் காட்டினார். பார்த்தவர்கள் அவ்வளவாக வியக்கவில்லை. பெரிய திரையில் விரித்துக் காட்டியதால் படத்தின் கூர்மை கண்ணுக்குப் படாமல் போயிற்று என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே எழுதினார். 1957-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1961-இல் கிடைத்தது. அது காலாவதியான பிறகுதான் உலகம் கன்ஃபோகலை வாங்கத் தொடங்கியது.

திருப்பம் வந்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில். அங்கே ஜான் வைட் ஒரு சின்னஞ்சிறு புழுவின் 302 நரம்புச் செல்களின் இணைப்பு வரைபடத்தைத் தயாரித்தவர்களில் ஒருவர். அந்தப் புழுவின் கரு பிரியும்போது செல்லின் உள்கட்டமைப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க முயன்றபோது, அதே மங்கல்தான் அவரையும் தடுத்தது. அவரும் பிராட் அமோஸும் கூட்டாளிகளும் லேசர் ஒளியைக் கண்ணாடிகளால் அசைத்து வருடும் ஒரு கருவியைக் கட்டினார்கள். 1987-இல் ஒரே செல்லைச் சாதாரண நுண்ணோக்கியிலும் கன்ஃபோகலிலும் எடுத்து அருகருகே வைத்து அவர்கள் வெளியிட்ட படங்கள் உயிரியலாளர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாமல் செய்துவிட்டன. பயோ-ராட் நிறுவனம் அந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அந்த வடிவமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாதிரிக்குப் போகும் லேசர் எந்தக் கண்ணாடிகளில் பட்டுத் திரும்புகிறதோ, மாதிரியிலிருந்து வரும் ஒளிர்வும் அதே கண்ணாடிகள் வழியாகவே பின்னோக்கி வருகிறது. போகும்போது ஏற்பட்ட அசைவு திரும்பும்போது நேராகிவிடுகிறது. எனவே லேசர் புள்ளி மாதிரியின் மேல் எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும், திரும்பி வரும் ஒளிக்கற்றை அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். ஊசித்துளையை அந்த இடத்தில் நிலையாகப் பொருத்திவிடலாம். துளையின் அளவைத் தேவைக்கேற்பப் பெருக்கவும் குறைக்கவும் முடிகிறது. இன்றைய புள்ளி வருடிகள் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

அவற்றில் பரவலானது கால்வனோமீட்டர் வகை. நாம் பள்ளி இயற்பியலில் பார்த்த கால்வனோமீட்டரில் மின்னோட்டத்துக்கேற்ப முள் திரும்பும். இங்கே முள்ளுக்குப் பதிலாகச் சில மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி திரும்புகிறது. ஒரு கண்ணாடி குறுக்கே, இன்னொன்று நெடுக்கே. சொன்ன கோணத்தில் நிற்கும், சொன்ன வேகத்தில் நகரும். ஒரு சிறு பகுதியை மட்டும் வருடலாம், சாய்ந்த கோட்டில் வருடலாம், ஒரே புள்ளியில் நிறுத்தி அங்குள்ள சாயத்தை வேண்டுமென்றே அழிக்கலாம். இந்தக் கீழ்ப்படிதல்தான் இதன் பெரிய பலம்.

வேகம்தான் குறை. 512 வரி, வரிக்கு 512 புள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒரு படத்தில் 2,62,144 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு மைக்ரோ வினாடி ஒதுக்கினால் கால் வினாடிக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணாடி நின்று திரும்பும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். தெளிவான படத்துக்குப் புள்ளிக்குச் சில மைக்ரோ வினாடி கொடுப்பதுதான் வழக்கம் என்பதால், வினாடிக்கு ஒரு படம் என்பதே நடைமுறைக் கணக்கு. மீன் குஞ்சின் இதயம் அதற்குள் இரண்டு மூன்று முறை துடித்து முடித்திருக்கும்.

அப்படியானால் கண்ணாடியை வேகமாக ஆட்டினால் போதாதா? ஒளிர்வு ஒளி தொடர்ச்சியாகக் கொட்டுவதில்லை. ஒளியணுக்களாக, எண்ணக்கூடிய துணுக்குகளாக, ஒழுங்கில்லாமல் வருகிறது. ஒரு புள்ளியிலிருந்து சராசரியாக 100 ஒளியணுக்கள் பதிவானால், ஒவ்வொரு முறையும் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 10 கூடும், குறையும். அதாவது பத்து விழுக்காடு தடுமாற்றம். 9 ஒளியணுக்கள்தான் பதிவானால் தடுமாற்றம் 3. மூன்றில் ஒரு பங்கு. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் அந்த இரைச்சல் கருவியின் கோளாறு அல்ல; ஒளியின் இயல்பே அது. எவ்வளவு விலை உயர்ந்த உணரி வாங்கினாலும் இதை ஒழிக்க முடியாது. அதிக ஒளியணுக்களைச் சேர்ப்பது ஒன்றுதான் வழி. வேகமாக வருடினால் ஒவ்வொரு புள்ளியிலும் தங்கும் நேரம் குறைகிறது, ஒளியணுவும் குறைகிறது.

லேசரின் வலிமையைக் கூட்டி ஈடுகட்டலாமே என்று தோன்றும். ஓரளவுக்குத்தான் முடியும். ஒரு சாய மூலக்கூறு ஒளியை வாங்கித் திருப்பித் தர ஏறக்குறைய 3 நானோ வினாடி ஆகிறது என்று கொள்வோம். லேசர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதைவிட வேகமாக அதனால் ஒளிர முடியாது. புள்ளியில் 0.1 மைக்ரோ வினாடிதான் தங்குகிறோம் என்றால், ஒரு மூலக்கூறு அதிகபட்சம் முப்பத்துச் சொச்சம் ஒளியணுக்களை உமிழலாம். அவை எல்லாத் திசையிலும் சிதறும். லென்ஸுக்குள் வருவது ஒரு பகுதி, வடிகட்டிகளையும் துளையையும் தாண்டி உணரியில் பதிவாவது சில விழுக்காடு. ஆக, ஒரு மூலக்கூறிலிருந்து நம் கைக்கு வருவது ஒன்றோ இரண்டோ. அதுவும் உச்ச வரம்பு. அதற்குள் லேசரின் வலிமை மூலக்கூறைச் சிதைக்கத் தொடங்கியிருக்கும். சாயம் வெளிறும், சிதைவில் பிறக்கும் ஆக்சிஜன் சார்ந்த நச்சுப் பொருள்கள் செல்லைத் தாக்கும். ஒவ்வொரு மூலக்கூறும் அழிவதற்கு முன் தரக்கூடிய ஒளியணுக்களுக்கு ஓர் அளவு உண்டு. அவற்றை எங்கே, எப்போது செலவழிப்பது என்று தீர்மானிப்பதே வருடியைத் தேர்ந்தெடுப்பது.

அந்தச் செலவைச் சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1993-இல் வந்த ஒரு கண்டுபிடிப்பு நல்ல சான்று. இதயத் தசைச் செல் சுருங்க வேண்டுமானால் அதற்குள் கால்சியம் பெருக வேண்டும். அந்தக் கால்சியம் செல் முழுவதும் ஒரே சீராக ஏறுகிறதா, சிறு சிறு வாயில்களிலிருந்து தனித்தனியாக வெளிப்பட்டுப் பிறகு ஒன்று சேர்கிறதா? ஹெப்பிங் செங், லெடரர், கேனல் ஆகிய மூவரும் எலியின் இதயச் செல்லில் கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை ஏற்றி, கன்ஃபோகலில் வைத்தார்கள். முழுப் படம் எடுத்திருந்தால் அவர்களுக்கு எதுவும் பிடிபட்டிருக்காது. அவர்கள் நெடுக்குக் கண்ணாடியை நிறுத்திவிட்டு, செல்லின் நீளத்தில் ஒரே ஒரு கோட்டை மட்டும் சுமார் 2 மில்லி வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருடினார்கள். அந்த வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், ஒரு திசையில் இடமும் இன்னொரு திசையில் நேரமும் ஓடும் படம் கிடைக்கும். ஓய்வில் இருந்த செல்லின் அந்தப் படத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு ஒளிர்வுகள் தோன்றி மறைந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் அகலம். பத்து மில்லி வினாடியில் உச்சத்துக்கு ஏறி, அடுத்த சில பத்து மில்லி வினாடிகளில் அடங்கிவிடும். கால்சியம் பொறி என்று பெயரிட்டார்கள். இதயத் துடிப்பின்போது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பொறிகள் ஒருசேரத் தெறிப்பதால்தான் செல் சுருங்குகிறது என்பது இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வினாடிக்கு ஒரு படம் எடுக்கும் முறையில் அதே பொறி, இரண்டு மூன்று வரிகளில் காரணமில்லாத வெளிச்சமாகத் தெரிந்து, இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

அந்த மூவருக்கும் ஒரு கோடு போதுமாக இருந்தது. படம் முழுவதும் வேகமாக வேண்டும் என்றால் ஒத்ததிர்வுக் கண்ணாடிக்குப் போக வேண்டும். கண்ணாடியைத் தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆட விட்டால், சிறு உந்துதலிலேயே வினாடிக்கு 8,000 முறை ஆடும். போகும்போதும் வரும்போதும் வருடினால் 16,000 வரிகள். 512 வரிப் படம் வினாடிக்கு ஏறக்குறைய 30. மீன் குஞ்சின் இதயத் துடிப்பு ஒன்றுக்குப் பத்துப் படம் போலக் கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கண்ணாடி சொன்னபடி கேட்காது. அதன் வேகம் அதன் வேகம்தான். நிறுத்த முடியாது, சாய்க்க முடியாது. நடுவில் வேகமாகவும் ஓரங்களில் மெதுவாகவும் ஓடுவதால், ஓரங்களைக் கழித்துவிட்டு மீதியைக் கணினி சீராக்க வேண்டும். நடுப்பகுதியில் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் 0.1 மைக்ரோ வினாடிக்கும் கீழே. ஒற்றைப் படம் இரைச்சலாகத்தான் இருக்கும். எட்டு, பதினாறு படங்களைச் சராசரி எடுத்தால் தெளிவாகும். ஆனால் அதற்குள் ஏறக்குறைய அரை வினாடி போய்விடும்.

அப்படியானால் நிதானமாக ஒருமுறை வருடுவதற்கும், வேகமாகப் பதினாறு முறை வருடிக் கூட்டுவதற்கும் என்ன வித்தியாசம்? உண்டு. ஒளியை வாங்கிய சாய மூலக்கூறுகளில் சில, உடனே ஒளிராமல் வேறொரு நீடித்த நிலையில் சிக்கிக்கொள்கின்றன. அந்த நிலையில் மறுபடி ஒளி பட்டால் அவை சிதைய வாய்ப்பு அதிகம். சட்டென்று கடந்துபோய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தால், அவை மீண்டுவர அவகாசம் கிடைக்கிறது. பல சாயங்களில் இதனால் வெளிறல் குறைகிறது. எல்லாச் சாயத்துக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது என்பதால், தம் சாயத்தை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே சரி.

ஒற்றைப் புள்ளியை விட்டுவிட்டு ஆயிரம் புள்ளிகளை ஒரே நேரத்தில் வருடும் வழியும் இருக்கிறது. 1884-இல் பால் நிப்கோவ் தொலைக்காட்சிக்காகச் சுருள் வரிசையில் துளையிட்ட ஒரு சுழல்தட்டுக்குக் காப்புரிமை கேட்டார். அதை நுண்ணோக்கிக்குள் கொண்டுவந்தவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவின் பில்சென் நகரத்து மொய்மிர் பெத்ரானும் மிலான் ஹத்ராவ்ஸ்கியும். 1960களில் அவர்கள் கட்டிய கருவியில், ஒளியை அனுப்பவும் வடிகட்டவும் தட்டின் துளைகளே பயன்பட்டன. தட்டு சுழலும்போது துளைகள் மாதிரி முழுவதையும் கடந்துபோகும். படம் நேரடியாகக் கண்ணுக்கே தெரியும். ஆனால் துளைகளின் மொத்தப் பரப்பு தட்டில் மிகச் சிறிய பங்கு. துளைக்கு 50 மைக்ரோமீட்டர், துளைகளுக்கு நடுவே 250 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நூற்றில் மூன்று நான்கு பங்கு ஒளிதான் மாதிரிக்குப் போய்ச் சேரும். உடனொளிர்வுக்கு இது போதாது. 1990களில் ஜப்பானின் யோகோகாவா நிறுவனம் இரண்டாவது தட்டு ஒன்றைச் சேர்த்தது. அதில் ஒவ்வொரு துளைக்கும் நேரே ஒரு நுண்லென்ஸ், மொத்தம் ஏறக்குறைய 20,000. வீணாகப் போகும் லேசரை அவை துளைகளுக்குள் திருப்பிவிட்டன. நிமிடத்துக்கு 1,800 சுற்று, ஒரு சுற்றில் 12 படம், வினாடிக்கு 360.

செடிக்குக் குழாயை நேரே பிடித்துத் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் பூவாளியால் தெளிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே. ஊற்றுவது அதே குடம் தண்ணீர் என்றாலும், குழாயின் வேகத்தில் நாற்று வேரோடு சாய்ந்துவிடும். பூவாளியில் ஒவ்வொரு தாரையும் மெல்லியதாக இருப்பதால் நாற்று தாங்கும். சுழல்தட்டில் லேசரின் மொத்த வலிமை ஏறக்குறைய ஆயிரம் புள்ளிகளுக்குப் பிரிகிறது. எந்த ஒரு மூலக்கூறும் ஒற்றைப் புள்ளி வருடியில் படும் அதே தீவிரத்தைச் சந்திப்பதில்லை. மெல்லிய ஒளியைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறது. மேலும், இங்கே படத்தைப் பதிவு செய்வது கேமரா. புள்ளி வருடிகளில் உள்ள ஒளிப்பெருக்கிக் குழாய், பழைய வகையில் விழும் நூறு ஒளியணுக்களில் இருபது இருபத்தைந்தைத்தான் பிடிக்கும். புதிய வகை நாற்பது சொச்சம். நல்ல அறிவியல் கேமரா எண்பதுக்கும் மேல் பிடிக்கும். சிக்கனமாக ஒளியணு செலவழிக்க வேண்டிய உயிருள்ள செல்லுக்கு இது பெரிய லாபம்.

அப்படியானால் எல்லோரும் சுழல்தட்டையே வாங்கிவிடலாமே என்றால், மாதிரியின் தடிமன் குறுக்கே நிற்கிறது. ஒரு புள்ளியிலிருந்து குவியம் தவறி வரும் ஒளி தன் துளையில் நுழைய முடியாவிட்டாலும், பக்கத்துத் துளைக்குள் புகுந்துவிடலாம். மெல்லிய செல்லில் இது பொருட்டே இல்லை. முப்பது நாற்பது மைக்ரோமீட்டர் தடித்த திசுவில், எந்த மங்கலை ஒழிக்கக் கன்ஃபோகல் வந்ததோ அதே மங்கல் இந்தக் கசிவு வழியாகத் திரும்பி வரும். இன்னொன்று, தட்டில் துளையின் அளவு மாறாது. 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் பச்சை ஒளியின் புள்ளி துளைத்தட்டில் சுமார் 45 மைக்ரோமீட்டராக விரியும்; 50 மைக்ரோமீட்டர் துளைக்கு அது கச்சிதம். அதே கருவியில் 20 மடங்கு லென்ஸைப் போட்டால் புள்ளி 17 மைக்ரோமீட்டர்தான். துளை மூன்று மடங்கு பெரிதாகிவிடுகிறது, சீவல் தடித்துவிடுகிறது. புள்ளி வருடியில் துளையைச் சுருக்கிக்கொள்ளலாம், இங்கே முடியாது. பெரிய திசுவைச் சிறிய லென்ஸில் பார்க்கப்போகிறவர்கள் இதைக் கேட்காமல் வாங்கிவிட்டுப் பின்னால் வருந்துகிறார்கள்.

ஆக, சாயமேற்றிப் பதப்படுத்திய மூளைச் சீவல்களை நான்கு நிறத்தில் நுணுக்கமாகப் பார்ப்பவருக்குக் கால்வனோமீட்டர்தான் ஏற்றது. செத்த செல் காத்திருக்கும், அவசரம் எதற்கு? வளர்ப்புத் தட்டில் பிரியும் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் நடமாட்டத்தை மணிக்கணக்கில் தொடர்பவருக்குச் சுழல்தட்டு. தடித்த உயிருள்ள உடலில் வேகமான நிகழ்வு என்றால் ஒத்ததிர்வு வருடி. பலர் பகிர்ந்துகொள்ளும் பொது ஆய்வகத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இரண்டு வகைக் கண்ணாடியும் ஒரே தலையில் உள்ள புள்ளி வருடியை வாங்கச் சொல்வேன். மீதமிருக்கும் பணத்தைக் கூடுதல் லேசரில் போடுவதைவிட நல்ல லென்ஸில் போடச் சொல்வேன். லென்ஸுக்குள் நுழையாத ஒளியணுவை எந்த வருடியாலும் மீட்க முடியாது.

எந்த வருடியாலும் தீராத சிக்கல்களும் உண்டு. 1999-இல் விஸ்கான்சினில் ஜேன் ஸ்குவிரெலும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வை நான் எல்லோரிடமும் சொல்வேன். அந்தக் குழுவில் கேம்பிரிட்ஜில் கன்ஃபோகலைக் கட்டிய அதே ஜான் வைட்டும் இருந்தார். வெள்ளெலிக் கருக்களில் மைட்டோகாண்ட்ரியாவின் நகர்வைத் தொடர்ந்து படமெடுத்தார்கள். கன்ஃபோகலில் 8 மணி நேரம் எடுத்த கருக்களின் வளர்ச்சி தடைபட்டது. சாயத்தைத் தூண்டாமல் லேசரை மட்டும் செலுத்தியபோதும் அப்படியே. 1,047 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரில், ஒரே நேரத்தில் இரண்டு ஒளியணுக்களை விழுங்க வைத்துச் சாயத்தை ஒளிரச் செய்யும் முறையில் 24 மணி நேரம் எடுத்த கருக்களோ வளர்ச்சியைத் தொடர்ந்தன. கருப்பையில் வைக்கப்பட்ட அவற்றில் ஒன்று ஆரோக்கியமாகப் பிறந்து, இனப்பெருக்கத் திறனோடு வளர்ந்தது. படம் அழகாக இருந்ததா என்று மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு வெளியே வந்திருக்காது. படமெடுத்த பிறகு அந்த உயிர் என்ன ஆனது என்று அவர்கள் காத்திருந்து பார்த்தார்கள்.

வாங்குவதற்கு முன் நிறுவனங்கள் கருவியைக் கொண்டுவந்து காட்டும்போது இதே முறையைக் கையாள வேண்டும். அவர்கள் கையோடு ஓர் ஆயத்த ஸ்லைடு கொண்டுவருவார்கள். பெரும்பாலும் மாட்டின் நுரையீரல் தமனிச் செல்கள், உட்கருவில் நீலம், இழைகளில் பச்சை, மைட்டோகாண்ட்ரியாவில் சிவப்பு. தட்டையான, பதப்படுத்திய, கண்ணைப் பறிக்கும் அளவுக்கு ஒளிரும் செல்கள். எந்த வருடியிலும் அது அழகாகத்தான் இருக்கும். அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள். 0.1 மைக்ரோமீட்டர் ஒளிர்மணிகள் ஒட்டிய ஸ்லைடை வையுங்கள். மணி குறுக்கே சுமார் 0.2, ஆழத்தில் சுமார் 0.6 மைக்ரோமீட்டராகத் தெரிந்தால் ஒளியியல் ஒழுங்காக இருக்கிறது. அடுத்து உங்கள் ஆய்வகத்தின் மிக மங்கலான, மிக அடம்பிடிக்கும் உயிருள்ள மாதிரியை வையுங்கள். லென்ஸிலிருந்து வெளிவரும் லேசரின் வலிமையை அளவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் விழுக்காட்டை நம்ப வேண்டாம், ஒரு கருவியின் 5 விழுக்காடு இன்னொன்றின் 20 ஆக இருக்கலாம். நூறு படம் எடுத்து, முதல் படத்தின் பிரகாசத்தில் நூறாவது படத்தில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அதே கிண்ணத்தில் லேசர் படாத செல்களையும் ஒரு மூலையில் குறித்து வைத்து, கிண்ணத்தை வளர்ப்புப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள். மறுநாள் காலை இரண்டு பக்கத்திலும் எத்தனை செல் பிரிந்திருக்கிறது என்று எண்ணிய பிறகு கொள்முதல் குழுவைக் கூட்டுங்கள்.